தொப்பையோடு ஒரு ஜம்ப்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம், திருச்சியில் என் அக்கா வீட்டு மொட்டை மாடியில், நான் பதினேழு தடவை குதித்தேன்.

வேண்டுதல் எதுவும் இல்லை. டாக்டரும் சொல்லவில்லை. (அவர் குதிக்காதே என்றுதான் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் வலது முழங்காலின் வரலாறு தெரியும்.) பக்கத்து மாடியில் வடாம் எடுக்க வந்த ஒரு அம்மாள், என் நாலாவது குதியை நின்று பார்த்தார். ஏழாவது குதியில் கீழே இறங்கிப் போனார். பத்தாவது குதியில் இன்னொரு அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

காரணம், அக்கா பையன். பெயரைப் போட்டால் ஜென்மத்துக்கும் பேசமாட்டேன் என்று சொல்லியிருப்பதால் ‘மருமகன்’ என்று வைத்துக்கொள்வோம்.

அதற்கு முந்தின வாரம் அக்கா போன் பண்ணினாள். ‘நீ ஒரு நடை வந்து அவன்கிட்ட பேசுடா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு பொம்மையக் குதிக்க வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். பி.காம். படிக்கிற பையன், சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கான், இந்த நேரத்துல இது தேவையா? நீ சொன்னா கேப்பான்.’

‘நான் சொன்னா ஏன் கேப்பான்?’

‘நீயும் பி.காம். நீயும் சி.ஏ. சேர்ந்து பாதியில விட்டவன். இப்ப என்ன ஆனேன்னு அவனுக்கே தெரியுமில்ல?’

அதாவது, விளக்கக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்ட பேச்சாளர் அல்ல நான். காட்சிப் பொருள்.

* * *

மருமகன் அறையில் ஃபேன் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. கம்ப்யூட்டர் திரையில் சில வீட்டு மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், காயப்போட்ட வேட்டிகள். நடுவில் காக்கிச் சட்டை, தோளில் பை, கொஞ்சம் தொப்பை என்று ஒரு தபால்காரர். கீழே தெருவெல்லாம் வெள்ளம். அதனால் அவர் மாடிக்கு மாடி தாவிக் கடிதம் கொடுக்க வேண்டும். இதுதான் விளையாட்டு.

‘கதை நல்லாத்தானேடா இருக்கு’ என்றேன். புத்தி சொல்ல வந்தவன் பேசுகிற பேச்சா இது?

‘கதை ஓகே மாமா. ஜம்ப்தான் சரியில்ல. மூணு வாரமா அதுலயே நிக்கிறேன். நீங்களே குதிச்சுப் பாருங்க’ என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினான்.

பட்டனை அழுத்தினேன். தபால்காரர் எழும்பினார். எழும்பிக்கொண்டே இருந்தார். மேலே போய், கொஞ்சம் யோசித்து, சோப்புக் குமிழி மாதிரி மெதுவாக இறங்கினார்.

‘புவியீர்ப்பு விசையைக் குறைச்சுப் போட்டுட்டியா?’

‘இல்ல மாமா, கரெக்டா 9.8 போட்டிருக்கேன். அதுதான் பிரச்னையே.’

இங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிஜமான எண்ணைப் போட்டதால் பொய்யாகத் தெரிகிறது என்கிறான்!

பிறகு அவன் சொன்னது இது. சாதாரண ஆள் நின்ற இடத்திலிருந்து நன்றாகக் குதித்தால் 45 சென்டிமீட்டர் எழும்பலாம். காற்றில் இருக்கும் நேரம் மொத்தமே 0.6 விநாடி. அது கண்ணுக்குப் பழக்கமான குதிப்பு. ஆனால் 45 சென்டிமீட்டர் குதிக்கிற கதாநாயகனை வைத்துக்கொண்டு மாடிப்படி கூட ஏற முடியாது; விளையாட்டு என்றால் 2 மீட்டராவது எழும்ப வேண்டும். பூமியின் ஈர்ப்பிலேயே 2 மீட்டர் எழும்பினால், ஏறி இறங்க ஏறக்குறைய 1.3 விநாடி ஆகும். அதற்குள் தபால்காரர் ஒரு கொட்டாவி விட்டு முடிக்கலாம். பட்டனை அழுத்துகிறவன் விரல் அவ்வளவு நேரம் சும்மா இருக்காது.

‘அப்ப என்ன செய்வாங்க?’

‘ஈர்ப்பை முதல்ல முடிவு பண்ணாம, எவ்வளவு உயரம், எவ்வளவு நேரத்துல உச்சின்னு முதல்ல முடிவு பண்ணுவாங்க. அதுலேர்ந்து ஈர்ப்பைக் கண்டுபிடிப்பாங்க.’

மாதத் தவணை இவ்வளவுதான் கட்ட முடியும் என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்கேற்ற வட்டியைப் பிறகு கேட்கிற மாதிரி. பாங்கில் நடக்காது. கம்ப்யூட்டரில் நடக்கும்.

2 மீட்டர் உயரம், 0.4 விநாடியில் உச்சி என்று அவன் வைத்துக்கொண்டான். உயரத்தை இரண்டால் பெருக்கி, நேரத்தை நேரத்தாலேயே பெருக்கி, அதை இதால் வகுத்தால் ஈர்ப்பு 25 வருகிறது. நம் பூமிக்கு இரண்டரை மடங்கு. வியாழன் கிரகத்தின் ஈர்ப்பு கிட்டத்தட்ட அதே அளவு என்று அவன் காட்டினான். ஆக, நம் தபால்காரர் கடிதம் கொடுப்பது உறையூரில் அல்ல, வியாழனில்!

* * *

எனக்கு இயற்பியல் வராது. பத்தாம் வகுப்போடு கை கழுவியது. ஆனால் மருமகன் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுத ஆரம்பித்ததும் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஏனென்றால் அவன் போட்டது ஒரு பேரேடு.

விளையாட்டு ஒரு விநாடியில் 60 தடவை திரையை வரைகிறது. ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிக்கும்போது வேகம் 10; இது ஆரம்ப மாத வருமானம். ஈர்ப்பு விசை என்பவர் ஒவ்வொரு மாதமும் அந்த வருமானத்தில் ஒரே அளவு தொகையை, 25-ஐ 60-ஆல் வகுத்து வருகிற 0.42-ஐ, வெட்டுகிறார். காமர்ஸ் படித்தவர்களுக்கு இது பழைய சிநேகிதர்: நேர்கோட்டு முறைத் தேய்மானம். உயரம் என்பது பாங்க் பாலன்ஸ். வருமானம் குறைந்துகொண்டே வந்தாலும் இருக்கிறவரை பாலன்ஸ் ஏறிக்கொண்டுதான் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக. 24-ஆவது மாதம் வருமானம் பூஜ்யம். பாலன்ஸ் உச்சத்தில். அதற்குப் பிறகு வருமானம் மைனஸில் போகிறது, கையிருப்பு கரைகிறது. முதலில் மெதுவாக, பிறகு மடமடவென்று. தரை.

இதை வரைந்தால் வருகிற வளைவுதான் பரவளையமாம். இருபது வருஷம் முன்னால் யாராவது இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் நான் கணக்கு வாத்தியாரைப் பார்த்து ஓடியிருக்க மாட்டேன். (என் சொந்தப் பாங்க் கணக்கும் இதே வளைவில்தான் போகிறது. பரவளையத்தின் இறங்குமுகம்.)

‘ஏறுறது சரியாயிடுச்சு மாமா. இறங்குறதுக்கு ஈர்ப்பை இன்னும் ஒன்றரை மடங்கு ஆக்கணும்’ என்றான்.

‘எதுக்கு? பாவம் அந்த ஆள்.’

‘ஏறும்போது எங்க போறோம்னு பார்க்கிறோம். இறங்கும்போது சும்மா காத்துக்கிட்டு இருக்கோம்.’

மாற்றிக் காட்டினான். ஏற 0.4 விநாடி, இறங்க 0.33. வித்தியாசம் கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. ஆனால் சோப்புக் குமிழி போய், தபால்காரருக்கு எடை வந்துவிட்டது. தொம்மென்று மாடியில் இறங்கினார். நான் என்னை அறியாமல் ‘அம்மாடி’ என்றேன்.

இந்தப் பித்தலாட்டம் இன்று நேற்றுத் தொடங்கியது இல்லை. 1981-இல் ஜப்பானில் ஷிகேரு மியாமோட்டோ ‘டாங்கி காங்’ என்ற ஆட்டத்தைச் செய்தபோது, அதில் உருளும் பீப்பாய்களைத் தாண்டுகிற தச்சருக்கு அமெரிக்காவில் வைத்த பெயரே ஜம்ப்மேன். பிற்பாடு மரியோ ஆனவர் அவர்தான். 1985-இல் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ வந்தபோது பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு உயரம் குதித்தார். அழுத்திக்கொண்டே ஏறும்வரை ஈர்ப்பு குறைவு, விரலை எடுத்ததும் அதிகம். காற்றில் இருக்கும்போதே திரும்பவும் செய்வார். நிஜத்தில் எழும்பிய பிறகு மனசு மாறினால் நீங்களும் நானும் என்ன செய்ய முடியும்? கடவுளைக் கூப்பிடலாம்.

* * *

‘கணக்கு முடிஞ்சுதே, அப்புறம் என்ன மூணு வாரம்?’ என்றேன்.

‘உடம்பு மாமா. சட்டமா நின்னுக்கிட்டே மேல போறாரு பாருங்க. லிஃப்ட்ல போற மாதிரி.’

உண்மைதான். அப்போதுதான் நான் என் பால்யத்தைத் திறந்தேன். பத்தாம் வகுப்பு லீவில் டைப்பிங்கும் டாலியும் கற்றுக்கொள்ள என்று அப்பா ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டார். மூலையில் ஒரு பழைய 486 மெஷின். அதில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’. டாலியில் நான் போட்ட வவுச்சர்களைவிட அந்த இளவரசனை முள்கம்பிகள் மேல் போட்டது அதிகம். அறுபது நிமிஷத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். நான் அவளைக் காப்பாற்றியதே இல்லை. ஆனால் அவன் ஓடிவந்து தாவும்போது வயிற்றில் ஒரு பயம் வரும் பாருங்கள், அது மரியோவில் வராது. மரியோ ரப்பர். இளவரசனுக்கு எலும்பு இருந்தது.

இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் செய்த ஜோர்டன் மெக்னர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். படிக்கும்போதே 1984-இல் ‘கராடேகா’ என்ற ஆட்டத்தை வெளியிட்டவர். அடுத்ததற்கு ஆள் வேண்டும். 1985-இல் தன் தம்பி டேவிடுக்கு வெள்ளை உடை மாட்டி, கார் நிறுத்துகிற இடத்துக்குக் கூட்டிப்போய் ஓடு, குதி, தொங்கு, ஏறு என்று சொல்லி வீடியோ எடுத்தார். வீட்டுக்கு வந்து டி.வி.யில் ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி, திரையை ஸ்டில் காமிராவில் போட்டோ எடுத்தார். பிரிண்ட் போட்டு, கறுப்பு மார்க்கராலும் எழுத்துப்பிழை அழிக்கிற வெள்ளைத் திரவத்தாலும் உருவத்தைத் தனியாகத் தீட்டி, கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். ஆட்டம் வெளிவந்தது 1989-இல். நாலு வருஷம்! கத்திச் சண்டைக்கு 1938-இல் வந்த ராபின் ஹூட் படத்தில் எர்ரால் ஃப்ளின் போட்ட கடைசிச் சண்டையைப் பார்த்து வரைந்தாராம். ஆட்டத்துக்கு இசை, அவருடைய அப்பா. குடும்பமே சேர்ந்து அப்பளம் போட்ட மாதிரி ஒரு தயாரிப்பு.

இன்னொன்றும் உண்டு. டேவிட் குதிப்பதற்கு முன்னால் உடம்பைத் தயார் பண்ணிக்கொண்டார், மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள். அதனால் இளவரசனும் தயார் பண்ணிக்கொள்வான். பட்டனை அழுத்தினால் உடனே போகமாட்டான். பள்ளம் வருவதற்கு முன்பே நாம் முடிவு எடுத்திருக்க வேண்டும். நான் முள்கம்பியில் போனதெல்லாம் அந்தத் தாமதத்தில்தான். நிஜம் அதிகமானால் விரல் தோற்கும், விரலுக்குச் சௌகரியம் செய்தால் உடம்பு ரப்பர் ஆகும். முப்பது, நாற்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கயிறு மேல் நடக்கிறார்கள்.

‘நான் ரெண்டையும் வச்சுக்கப் போறேன்’ என்றான் மருமகன். ‘பட்டனை அழுத்தினதும் ஆள் மேல கிளம்பிடுவாரு. ஆனா முதல் ரெண்டு ஃப்ரேம்ல முழங்கால் மடங்கி நிமிர்ற மாதிரி வரைஞ்சிடுவேன். கண்ணு ஏமாந்துடும். இறங்கினதும் குனிஞ்சு நிமிர்வாரு, நடுவுல அடுத்த பட்டனை அழுத்தினா அதை விட்டுட்டுத் தாவிடுவாரு.’

‘பேஷ். அப்ப டேவிட் மாதிரி ஒரு ஆள் வேணுமே.’

மருமகன் என் வயிற்றைப் பார்த்தான்.

‘என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் ஒல்லி மாமா.’

* * *

இப்படித்தான் நான் மொட்டை மாடிக்குப் போனேன். அவன் செல்போனை ஒரு பூத்தொட்டி மேல் சாய்த்துவைத்தான். தோளில் அத்தானின் ஆபீஸ் பையை மாட்டிவிட்டான். குதித்தேன். பக்கவாட்டில் குதித்தேன். ஓடிவந்து குதித்தேன்.

கீழே வந்து ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தோம். பார்க்காமல் இருந்திருக்கலாம். என் கால் தரையை விட்ட ஃப்ரேமிலிருந்து திரும்பத் தொட்ட ஃப்ரேம் வரை எண்ணினான். 24. தபால்காரர் உச்சிக்குப் போக ஆகிற நேரத்தில் நான் போய்விட்டுத் திரும்பியே வந்துவிட்டேன். எதையோ வகுத்து, ‘மாமா, நீங்க எழும்பினது 20 சென்டிமீட்டர்’ என்றான். ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைத்தால் நான் தாண்டமாட்டேன்.

ஆனால் எடை என்றால் என்ன என்பது அந்தப் படத்தில் இருந்தது. குதிப்பதற்கு முன் கை பின்னால் போகிறது. உடம்பு கிளம்பிய பிறகும் பை ஒரு ஃப்ரேம் பின்தங்கியே வருகிறது. கால் தரையைத் தொட்ட பிறகு முழங்கால், அப்புறம் தோள், கடைசியாகத் தொப்பை. ‘தொப்பை மூணு ஃப்ரேம் லேட் மாமா, சூப்பர்!’ என்று கூவினான். என் தொப்பையை இதுவரை யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு அக்கா கூப்பிடும்வரை அவன் வரைந்துகொண்டிருந்தான். நான் விளையாடிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் கவனித்தேன். மாடி விளிம்பைத் தாண்டிக் கால் வைத்துவிட்டேன், தவறுதான், ஆனாலும் பட்டனை அழுத்தியதும் தபால்காரர் காற்றிலிருந்தே தாவிப் பிழைத்துக்கொண்டார்.

‘இது பிழையா?’

‘வேணும்னே வச்சது. விளிம்பை விட்டப்புறமும் 0.1 விநாடி வரைக்கும் குதிக்கலாம். கயோட்டி டைம்னு பேரு.’

கார்ட்டூனில் அந்த நெருப்புக்கோழி வேகத்துப் பறவையைத் துரத்துகிற ஓநாய் மாதிரி ஒரு பிராணி வருமே, மலை விளிம்பைத் தாண்டி ஓடி, கீழே பார்க்கிறவரை விழாமல் நிற்குமே, அதன் பெயர். மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் மற்றவர்களும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ‘செலெஸ்ட்’ என்ற மலையேறும் ஆட்டத்தில் இது இருக்கிறது. அதன் புரோகிராமில் ஒரு பகுதியைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். மருமகன் திறந்து காட்டினான். அங்கே அந்த 0.1-க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரில் ‘கிரேஸ்’ என்ற வார்த்தை இருந்தது.

‘அட, கிரேஸ் பீரியட்!’ என்றேன். இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டத் தேதி தாண்டினாலும் பாலிசி சாகாமல் இருக்கிற அந்த முப்பது நாள். ‘ஆடுறவனுக்குத் தெரியுமா?’

‘தெரியாது மாமா. கரெக்டான நேரத்துல குதிச்சோம்னு நினைச்சுக்குவான்.’

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

‘நான் ரெண்டாவது பேப்பருக்குப் போகல மாமா.’

‘எந்த பேப்பர்?’

‘ஃபவுண்டேஷன். பிஸினஸ் லா. அதுக்கப்புறம் உள்ளதுக்கும் போகல. சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல உக்காந்திருந்தேன். ரிசல்ட் வந்தா தெரிஞ்சிடும்.’

கீழே அக்கா அப்பளம் பொரிக்கிற வாசனை வந்தது. புத்தி சொல்ல என்னைக் கூப்பிட்ட இடம் இதுதான். எனக்கு வாய் வரவில்லை. நான் சி.ஏ.வை விட்டதை அப்பாவிடம் எட்டு மாதம் சொல்லவில்லை. அதற்குள் வேறு யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். விட்டதற்காக அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் நான் எது சொன்னாலும், ‘அப்படியா’ என்று மட்டும் சொல்வார். போகிறவரை அப்படித்தான்.

இதை மட்டும் அவனிடம் சொன்னேன். படி என்றோ விடு என்றோ சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை.

‘நீங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. நானே சொல்றேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க.’

‘கிரேஸ் பீரியடா?’

சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

கீழே போனதும் அக்கா குழம்பை ஊற்றியபடியே, ‘பேசினியாடா? என்ன சொன்னான்?’ என்றாள். அத்தான் தட்டிலிருந்து நிமிர்ந்தார். ‘பேசினேன். அவனே சொல்வான்’ என்றேன். அத்தான் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மோர் கேட்டார்.

* * *

அடுத்த ஞாயிறு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது நாற்பதுக்கு அக்கா கூப்பிட்டாள். எடுத்தால் பேச்சே இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

‘அக்கா?’

‘அவர் சாப்பிடாம மொட்டை மாடிக்குப் போயிட்டார்டா. இவன் பின்னாடியே போயிருக்கான். ரெண்டு பேரும் இன்னும் இறங்கல.’

‘சத்தம் கேக்குதா?’

‘இல்ல. பேச்சுக் குரல்தான்.’ மறுபடி கொஞ்சம் மௌனம். ‘ஏண்டா, அந்த பொம்மை குதிக்கிறது நீயாமே? எனக்குப் போட்டுக் காட்டினான். நடையப் பார்த்தா அப்பா மாதிரியே இருக்குடா.’